உங்கள் கோழி அடை படுக்குமா? முட்டை வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வருடம் தை மாதம் ஐந்து கடக்நாத் பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கினேன். ஒன்று 800 ரூபாய். மாசி பிறப்பதற்குள் முட்டை வர ஆரம்பித்துவிட்டது. நாட்டுக்கோழிதானே, பத்துப் பதினைந்து முட்டை சேர்ந்தால் தானே உட்காரும் என்று நினைத்து முட்டையைக் கூட்டிலேயே விட்டுவைத்தேன். இருபது சேர்ந்தது. ஐந்து பெட்டைகளும் அதன் மேல் மாறி மாறி முட்டையிட்டுவிட்டு இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. மூன்று வாரம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக அடை படுக்காது கண்ணு. என்கிட்ட ஒரு சிறுவிடை கேறிக்கிட்டுத் திரியுது, தூக்கிட்டுப் போ. ஆனா இந்த முட்டைய வைக்காத, எல்லாம் கூமுட்டை."

சிறுவிடை என்பது சின்ன உடம்பு நாட்டுக்கோழி. கேறுவது என்றால் அடைக்கு வந்த கோழி போடும் தாழ்ந்த சத்தம். அன்று தொடங்கிய பாடம் இது. நான்கு முறை அடை வைத்துவிட்டேன். முதல் இரண்டு முறை சொதப்பல், பிந்தைய இரண்டும் தேறின. வீட்டில் பத்து இருபது கோழி வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக, நான் தடுக்கி விழுந்த இடங்களை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் இனத்தைப் பாருங்கள்

அடை படுப்பது கோழிக்கு நாம் கற்றுக்கொடுப்பது இல்லை. உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறினால் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு உட்காரும். அந்தச் சுபாவம் சில இனங்களில் நிறைய, சிலவற்றில் சுத்தமாக இல்லை. முட்டைக்காக வளர்க்கும் கோழி அடை படுத்தால் பண்ணைக்காரருக்கு நஷ்டம். அதனால் தலைமுறை தலைமுறையாக, அடை படுக்காத கோழிகளாகப் பார்த்துப் பொறுக்கி இனவிருத்தி செய்திருக்கிறார்கள். அப்படி வந்த கோழியிடம் போய் ஏன் உட்கார மாட்டேன் என்கிறாய் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

நம் பக்கம் கிடைக்கும் இனங்களை நான் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்:

சிறுவிடை: கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பெட்டை ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோதான் இருக்கும். ஒரு சுற்றுக்கு 12 முதல் 15 முட்டை இட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு மூன்று நான்கு சுற்று. மொத்த முட்டை குறைவுதான். ஆனால் குஞ்சைக் காப்பாற்றுவதில் இதற்கு நிகர் இல்லை. என் சிறுவிடை ஒருமுறை நாயின் முகத்திலேயே பாய்ந்திருக்கிறது. உடம்பு சின்னது என்பதால் நிறைய முட்டை தாங்காது, அது ஒன்றுதான் குறை.

பெருவிடை, அசில்: சண்டைக்கோழி வம்சம். முட்டை குறைவு, ஆனால் அடையில் உறுதி. உடம்பு பெரிது என்பதால் அதிக முட்டையை மூடும். அதே உடம்புதான் ஆபத்தும். ஓடு மெலிந்த முட்டையாக இருந்தால் காலில் மிதித்து உடைத்துவிடும். குஞ்சோடு திரியும்போது மற்றப் பெட்டைகளோடு சண்டைக்குப் போகும், நடுவில் குஞ்சு மிதிபடும். தனியாக விட இடம் இருந்தால் மட்டும் இதை நம்புங்கள்.

மொட்டைக் கழுத்து (எங்கள் ஊரில் கிராப்புக் கோழி என்போம்): உள்ளூர் வம்சமாக இருந்தால் அடை படுக்கும். வெயில் தாங்கும். பண்ணையிலிருந்து வந்த கலப்பாக இருந்தால் சந்தேகம்தான்.

கடக்நாத்: மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி. நாட்டினம்தான், ஆனாலும் அடை படுப்பது மிகவும் அரிது. என்னைப் போல ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நாட்டுக்கோழி என்றாலே அடை படுக்கும் என்று ஒரு நினைப்பு.

வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா மாதிரியான புறக்கடைக் கலப்பினங்கள்: வண்ணவண்ணமாக, பார்க்க அச்சு அசல் நாட்டுக்கோழி போலவே இருக்கும். கிராமப்பிரியா வருடத்துக்கு 200 முட்டை வரை கொடுக்கும். அடைக்கு எதிர்பார்க்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. இவை கலப்பினங்கள் என்பதால், இவற்றின் முட்டையைப் பொரிக்க வைத்தால் வரும் குஞ்சு தாயைப் போல முட்டையிடாது. முட்டை வேண்டுமானால் திரும்பக் குஞ்சாக வாங்குவதுதான் வழி.

வெள்ளை லெகார்ன், லேயர் பண்ணைக் கோழி: வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டைப் பண்ணையில் வயதாகிக் கழித்துவிடும் கோழியை மலிவாக வாங்கி வந்து, வீட்டில் விட்டால் நாட்டுக்கோழி மாதிரி ஆகிவிடும் என்று சொல்வார்கள். ஆகாது.

சில்க்கி, கொச்சின்: அலங்காரக் கோழிகள். இரண்டுமே அடைக்குப் பேர் போனவை. சில்க்கி ஒரு முட்டை இல்லாவிட்டாலும் வெறும் தரையில் உட்காரும். ஆனால் விலை அதிகம். சில்க்கியின் இறகு மழையில் நனைந்தால் தண்ணீர் வடியாது, குளிரில் நடுங்கும். அடைக்காக மட்டும் இதை வாங்குவது வீண் செலவு.

கோழியே இல்லாவிட்டாலும் வான்கோழிப் பெட்டையும் மணிலா வாத்தும் நன்றாக அடை படுக்கும். வான்கோழி பதினைந்து இருபது கோழிமுட்டையைக்கூட மூடும்.

இதெல்லாம் பொதுவான போக்குதான். ஒரே தாயின் இரண்டு சிறுவிடைப் பெட்டைகளில் ஒன்று 21 நாளும் அசையாமல் இருக்கும், இன்னொன்று பத்தாம் நாள் எழுந்து போகும். எங்கோ ஒரு வீட்டில் கடக்நாத்தும் உட்கார்ந்திருக்கும். ஆனால் விதிவிலக்கை நம்பி முட்டை சேர்க்காதீர்கள்.

என் யோசனை: எந்த இனம் வளர்த்தாலும் சரி, கூடவே இரண்டு சிறுவிடைப் பெட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கோழிகள் முட்டையிடட்டும், இவை பொரிக்கட்டும். வாங்கும்போது வெடக்கோழியாக வாங்காமல், ஒருமுறையாவது குஞ்சு பொரித்த தாய்க்கோழியாகக் கேட்டு வாங்குங்கள். நூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. சந்தையில் நான் வாங்கிய ஒரு "சிறுவிடை" ஆறு மாதத்தில் இரண்டு கிலோ வந்தது, ஒருநாளும் உட்காரவில்லை. சந்தையை விட, தெரிந்தவர் வீட்டுக் கூட்டிலிருந்து வாங்குவது நல்லது. அங்கே அதன் குஞ்சுகளைக் கண்ணால் பார்க்கலாம்.

2. நிஜமாகவே அடைக்கு வந்திருக்கிறதா?

முட்டையிடும் கோழியும் கூட்டில் ஒரு மணி நேரம் உட்காரும். அதைப் பார்த்து அவசரப்பட்டு முட்டை வைத்தால் மறுநாள் அது எழுந்து போய்விடும். அடைக்கோழிக்கு அடையாளங்கள் வேறு:

இரவிலும் கூட்டை விட்டு இறங்காது. மற்றவை பரணில் ஏறும்போது இது மட்டும் கூட்டில் இருக்கும். கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து, உறுமுவது போல ஒரு சத்தம் போடும், கொத்தும். நடக்கும்போது "கொளக், கொளக்" என்று தாழ்ந்த குரலில் கேறிக்கொண்டே போகும். கொண்டையின் சிவப்பு மங்கும். நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் தெரியும், அந்த வெறும் தோல்தான் முட்டைக்குச் சூடு கொடுக்கிறது. நாளுக்கு ஒருமுறை எழுந்து, நாற்றமான பெரிய எச்சம் ஒன்று போடும். இந்த நாற்றம் பழகிவிட்டால், கோழியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சரி, அடையாளம் எல்லாம் இருக்கிறது. அப்போதும் நல்ல முட்டையை வைக்காதீர்கள். சமையலுக்கு வைத்திருக்கும் முட்டை இரண்டை அடியில் வைத்து மூன்று இரவு பாருங்கள். மூன்றாம் இரவு டார்ச்சோடு போய் வயிற்றுக்கு அடியில் கையை விடுங்கள். நல்ல சூடாக இருந்து, கோழியும் நகராமல் கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் அது தேறிவிட்டது. இந்த மூன்று நாள் பொறுமை இல்லாமல்தான் என் முதல் பதினோரு முட்டைகள் போயின.

3. அடைமுட்டை சேர்ப்பது

சேவல் இருந்தால்தான் முட்டையில் கரு இருக்கும். எட்டு பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவலைப் புதிதாக விட்டால் ஒரு வாரமாவது கழித்து வரும் முட்டையை எடுங்கள். பழைய சேவலை மாற்றி வேறு இனச் சேவல் விட்டிருந்தால் மூன்று வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை பழைய சேவலின் வித்தே கலந்து வரும்.

முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி அட்டையில் அடுக்கி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஏழு நாளுக்குள் அடைக்கு வைத்துவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நான்கைந்து நாளே அதிகம். வீட்டுக்குள் இருக்கும் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். என் இருபது முட்டையும் கூமுட்டை ஆன கதை இதுதான். ஐந்து கோழிகள் மாறி மாறி ஏறி இறங்கி அவற்றைச் சூடாக்கி ஆறவிட்டுக்கொண்டே இருந்தன. முட்டை சேர்க்கும் இடத்துக்கு, ஈர மணல் பரப்பிய அகலமான மண்தொட்டியின் மேல் ஒரு மண்சட்டியை வைத்து அதற்குள் முட்டையை வைப்பது நல்ல வழி. மணலில் காலை மாலை தண்ணீர் தெளித்தால் போதும்.

செய்யக்கூடாதவை: முட்டையைக் கழுவக்கூடாது, ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய காப்பு போய்விடும். அழுக்கு முட்டையை ஒதுக்கிவிடுங்கள், குழம்புக்கு ஆகும். ஃபிரிட்ஜில் வைத்த முட்டை வேண்டாம். ரொம்பப் பெரியது, ரொம்பச் சின்னது, கோணலானது, கீறல் விட்டது எதுவும் வேண்டாம். வெளியிலிருந்து வாங்கினால், முட்டை இட்ட தேதியைக் கேளுங்கள். எங்கள் பக்கம் அடைமுட்டை ஒன்று 20 ரூபாய்க்குக் கிடைத்தது. வண்டியில் குலுங்கி வந்த முட்டையை உடனே வைக்காமல், ஒருநாள் அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் வையுங்கள்.

4. கூடையும் இடமும்

மூங்கில் கூடை, பழைய பிளாஸ்டிக் தொட்டி, மரப்பெட்டி எதுவானாலும் சரி. கோழி உட்கார்ந்தால் சுற்றிலும் நான்கு விரல் இடம் இருக்க வேண்டும். அடியில் மணல் அல்லது சாம்பல் கலந்த மண், நடுவில் லேசாகக் குழித்து, மேலே வைக்கோல். குழி ஆழமாகிவிட்டால் முட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். தட்டையாக விட்டால் ஓரத்துக்கு உருண்டு ஆறிப்போகும். சாப்பாட்டுத் தட்டின் குழிவு போதும்.

வைக்கோலுக்கு அடியில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் தூவுங்கள். கோழிப்பேனும் செல்லும் (ரத்தம் உறிஞ்சும் சின்னப் பூச்சி) அடைக்காலத்தில்தான் பெருகும். கோழி மூன்று வாரம் ஒரே இடத்தில், குளிக்க மண் இல்லாமல் இருக்கிறது அல்லவா? கடி தாங்காமல் நல்ல தாய்க்கோழியும் முட்டையை விட்டு ஓடும். எங்கள் அக்கா கூடைக்குள் ஓர் இரும்பு ஆணி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் மூன்றும் போடச் சொன்னார். இடிக்கு முட்டை கெடாதாம். நான் போட்டேன். பலன் உண்டா என்று கேட்காதீர்கள், அவர் கொடுத்த கோழி, அவர் சொன்னபடி போட்டேன்.

இடம் நிழலாக, கொஞ்சம் இருட்டாக, காற்று வரும்படி இருக்கட்டும். தகரக் கொட்டகையின் கீழ் பங்குனிக்கு மேல் வைக்கவே வைக்காதீர்கள். மிக முக்கியம், மற்றப் பெட்டைகள் வர முடியாத இடமாக இருக்க வேண்டும். ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

5. முட்டை வைக்கும் நாள்

பொழுது சாய்ந்த பிறகு வையுங்கள். கோழியைப் பகலில் இடம் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். இருட்டில் தூக்கி வந்து புதுக் கூடையில் விட்டு, மேலே பஞ்சாரத்தை (கோழியை மூடி வைக்கும் பெரிய கூடை) கவிழ்த்துவிட்டால் காலையில் அதையே தன் இடமாக எடுத்துக்கொள்ளும்.

எத்தனை முட்டை? சிறுவிடைக்கு எட்டு முதல் பத்து. கிராமப்பிரியா மாதிரி பெரிய முட்டையாக இருந்தால் ஏழெட்டு. பெருவிடைக்குப் பன்னிரண்டு, பதினைந்து. கோழி உட்கார்ந்த பிறகு எந்தப் பக்கமும் முட்டை வெளியே தெரியக்கூடாது, அதுதான் கணக்கு. ஆசைப்பட்டு இரண்டு கூட வைத்தால் அந்த இரண்டு மட்டும் கெடாது. கோழி முட்டைகளை உள்ளும் வெளியும் மாற்றிக்கொண்டே இருக்கும், ஆளுக்கு ஒருநாள் ஆறிப்போய் பாதி முட்டை கெடும்.

எல்லா முட்டையையும் ஒரே வேளையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெருக்கல் குறி போடுங்கள். பேனா, மார்க்கர் வேண்டாம். இரண்டாவது முறை நான் குறி போடவில்லை. இடையில் வேறு பெட்டைகள் உள்ளே புகுந்து மூன்று நான்கு முட்டை இட்டிருக்கின்றன, எனக்குத் தெரியவில்லை. 21ஆம் நாள் ஆறு குஞ்சு பொரிந்தது, தாய் குஞ்சுகளோடு எழுந்துவிட்டது. மிச்ச முட்டைகளுக்குள் பாதி வளர்ந்த குஞ்சுகள் இருந்தன. அந்தக் காட்சி வேண்டாம் உங்களுக்கு. குறி போட்டிருந்தால் தினமும் குறியில்லாத முட்டையை எடுத்துவிடலாம்.

காலண்டரில் வைத்த தேதியை வட்டமிடுங்கள். கோழிக்கு 21 நாள். திங்கள் மாலை வைத்தால் மூன்றாம் வாரத்துத் திங்களை ஒட்டிப் பொரியும். வாத்து, வான்கோழி முட்டைக்கு 28 நாள், மணிலா வாத்துக்கு 35. இந்த முட்டைகளைக் கோழிமுட்டையோடு கலந்து வைக்காதீர்கள். காடை முட்டைக்கு 17, 18 நாள்தான், ஆனால் கோழியின் கனத்தில் அது நொறுங்கும். பண்ணைக் காடையும் அடை மறந்த இனம், அதற்கு இன்குபேட்டர் (முட்டையைச் சூடாக வைத்துப் பொரிக்கும் கருவி)தான்.

6. அந்த இருபத்தொரு நாட்கள்

வேலை அதிகம் இல்லை. கூடையிலிருந்து நான்கடி தூரத்தில் கம்பு அல்லது சோளமும் தண்ணீரும் வையுங்கள். தவிட்டை விடத் தானியம் நல்லது, எச்சம் இளகாமல் இருக்கும். கோழி நாளுக்கு ஒருமுறை எழுந்து தின்று, குடித்து, எச்சம் போட்டு, மண்ணில் புரண்டுவிட்டு, பதினைந்து முதல் முப்பது நிமிடத்தில் திரும்பிவிடும். அந்த நேரத்தில் முட்டை ஆறுகிறதே என்று பதற வேண்டாம்.

சில கோழிகள் எழவே எழாது. ஒருநாள் முழுக்க எச்சம் இல்லை என்றால் நீங்களே மெதுவாகத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் விடுங்கள். தூக்கும்போது இறக்கைக்கு அடியில் முட்டை ஒட்டியிருக்கும், முதலில் கையை விட்டுப் பார்த்துவிடுங்கள். எல்லாக் கோழியும் அடைக்காலத்தில் இளைக்கும். கையில் எலும்பு மட்டும் தட்டுப்பட்டால் அந்தச் சுற்றோடு நிறுத்திவிட வேண்டும்.

ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பாருங்கள். முட்டையின் பெருமுனையில் வெளிச்சத்தை ஒட்டிப் பிடித்தால், நடுவில் ஒரு கரும்புள்ளியும் சிலந்திக்கால் போல ரத்த நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. முழுக்கத் தெளிவாக இருந்தால் கருவே இல்லை. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் செத்துவிட்டது. பழுப்பு ஓட்டு முட்டையில் தெரிவது கடினம், சந்தேகமாக இருந்தால் பதினான்காம் நாள் மறுபடி பாருங்கள். அன்று காற்றறையை (பெருமுனையில் இருக்கும் வெற்றிடம்) தவிர மற்றதெல்லாம் இருட்டாகத் தெரிய வேண்டும். கெட்டதை அப்போதே எடுத்துவிடுங்கள். விட்டுவைத்த கூமுட்டை வெடித்தால் வீடே நாறும், மற்ற முட்டையும் கெடும்.

இடையில் ஒரு முட்டை உடைந்தால், ஒட்டிய வைக்கோலை மாற்றி, மற்ற முட்டைகளின் மேல் வழிந்ததை வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். விட்டுவிட்டால் எறும்பு வரும். பொரிக்கும் நேரத்தில் எறும்பு வந்தால் ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சையே தின்றுவிடும். கூடையைத் தாழ்ந்த பலகையின் மேல் வைத்து, அந்தப் பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் தப்பலாம்.

7. பொரிக்கும் நாளில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கோழியைத் தூக்காதீர்கள், முட்டையைத் தொடாதீர்கள். இருபதாம் நாள் ஓட்டில் விரிசல் தெரியும், உள்ளிருந்து "கீச்" என்று கேட்கும். விரிசலிலிருந்து வெளியே வர 12 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். உதவி செய்கிறேன் என்று ஓட்டை உரிக்க வேண்டாம். ரத்த நாளங்கள் இன்னும் ஓட்டுச் சவ்வோடு ஒட்டியிருக்கும். ஒருமுறை நான் உரித்த குஞ்சு அரை மணி நேரம்தான் இருந்தது.

முதலில் பொரிந்த குஞ்சு பட்டினி கிடக்கிறதே என்றும் கவலை வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாங்கும். அதனால்தான் தாய் கடைசி முட்டை வரை காத்திருக்க முடிகிறது. 22ஆம் நாள் முடிந்தும் சத்தமில்லாத முட்டைகளை எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

முட்டை எல்லாம் கெட்டுப்போய், கோழி மட்டும் உட்கார்ந்திருக்கிறதா? பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை வாங்கி வந்து, நள்ளிரவில் ஒவ்வொன்றாக அதன் அடியில் விட்டு, முட்டைகளை எடுத்துவிடலாம். கோழி இரண்டு வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும், குஞ்சும் ஓரிரு நாள் வயதுக்குள் இருக்க வேண்டும். காலையில் கூடவே இருந்து பாருங்கள். கொத்தினால் உடனே பிரித்துவிட வேண்டும்.

8. முதல் மாதமும் தடுப்பூசியும்

ஒரு வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துக்குள் வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு அதில் விழுந்து சாகும். தீவனத்துக்குக் கடையில் குஞ்சுத் தீவனம் கிடைக்கிறது. குறுணை மட்டும் போட்டால் சத்துப் போதாது. மண்பானைக்குள் சாணமும் கிழிந்த சாக்கும் போட்டுத் தண்ணீர் தெளித்து, மாலையில் புற்று இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் நிறைந்திருக்கும். குஞ்சுகள் அதற்குப் பறக்கும்.

காக்கை, பருந்து, கீரிப்பிள்ளை மூன்றும் இந்த மாதத்தில்தான் கணக்கு வைக்கும். நல்ல தாய்க்கோழி இருந்தால் பாதி சேதம் குறையும். குஞ்சை இன்குபேட்டரில் பொரித்தவர்களுக்கு இந்தக் காவல் கிடையாது. சின்ன இன்குபேட்டர் சில ஆயிரம் ரூபாய்தான், ஆனால் மின்தடைக்கு மாற்றும், குஞ்சுக்கு பல்பு வெப்பமும் தனியாக வேண்டும்.

தாயிடம் இருக்கும் குஞ்சுக்குத் தடுப்பூசி தேவையில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் (கோழிக்கழிச்சல், ராணிக்கெட் என்பதும் இதுதான்) வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி. ஐந்து முதல் ஏழாம் நாளில் லசோட்டா (இந்த நோய்க்கான சொட்டுமருந்து), கண்ணிலும் மூக்கிலும் ஒரு சொட்டு. பதினான்காம் நாளையொட்டிக் கம்போரோ என்ற இன்னொரு நோய்க்கான தடுப்பு மருந்து. 28ஆம் நாள் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரம் ஆர்2பி ஊசி, இதுவும் வெள்ளைக்கழிச்சலுக்குத்தான். இந்த ஊசியைச் சின்னக் குஞ்சுக்குப் போடக்கூடாது. லசோட்டா சொட்டுமருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கானது. கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை எடுத்துவைத்தால் வீண். அதனால் தெருவில் குஞ்சு வைத்திருக்கும் நான்கு வீட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுங்கள். வாங்கப் போகும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க் எடுத்துப் போங்கள். மருந்துக்கடையில் பையில் போட்டுக் கொடுத்ததை வெயிலில் ஒரு மணி நேரம் தூக்கி வந்த ஒரு குப்பி எனக்கு வெறும் தண்ணீராகத்தான் முடிந்தது.

அரசு கால்நடை மருந்தகத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இலவசம். பெரும்பாலும் பிப்ரவரியில் இரண்டு வார முகாமும் நடத்துவார்கள். எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

குஞ்சுகளை ஆறு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்தால் தாய் சீக்கிரம் முட்டைக்கு வரும். பொரித்த அன்றே குஞ்சைப் பிரித்துவிட்டு, அடுத்த சுற்று முட்டையை உடனே அடியில் வைப்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள். 42 நாள் அரைப்பட்டினியில் கோழி ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும்.

9. அடை வேண்டாம் என்றால்

எல்லாக் கோழியும் எல்லா நேரமும் குஞ்சு பொரிக்க வேண்டியதில்லை. மழை விடாமல் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையிலும் கத்திரி வெயிலிலும் நான் வைப்பதில்லை. வெறுமனே உட்கார்ந்திருக்கும் கோழியால் ஒரு மாதம் முட்டை நஷ்டம்.

தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைக் குத்துவது, காலைக் கட்டித் தொங்கவிடுவது என்றெல்லாம் ஊரில் செய்வார்கள். வேண்டாத வதை. வயிற்றுச் சூடும் கூட்டின் இருட்டும்தான் அடையை நீட்டிக்கின்றன. அடியில் காற்று போகும் கம்பி வலைக் கூண்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், வெளிச்சமான இடத்தில் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். தீவனமும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். மூன்று முதல் ஐந்து நாளில் கேறுவது நிற்கும். முட்டைக்கு வர இன்னும் ஓரிரு வாரம் ஆகும். அடைக்கு வந்த முதல் நாளே கூண்டில் விட்டால் சீக்கிரம் தெளியும், பத்து நாள் விட்டுவிட்டுப் பிடித்தால் இழுக்கும்.

10. செலவும் ஒரு நோட்டும்

கடைசியாக வெற்றிகரமாக முடிந்த சுற்றுக்கு எனக்கு ஆனது: தாய்க்கோழி 650 ரூபாய் (ஒருமுறைச் செலவு), கூடை 200, வைக்கோல் பக்கத்துத் தோட்டத்தில் சும்மா, கடக்நாத் முட்டை பத்து வீட்டினுடையது, தானியம் 90, குஞ்சுத் தீவனம் ஒரு மாதத்துக்கு 400 சொச்சம், தடுப்பூசியில் என் பங்கு 60. பொரிந்தது எட்டு, தேறியது ஏழு. சிறுவிடைக்குப் பின்னால் ஏழு கறுப்புக் குஞ்சுகள் ஓடுவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் வந்தார்கள்.

ஆவணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பண்ணையிலோ கால்நடைப் பல்கலைக்கழக மையத்திலோ குஞ்சு வாங்கினால், இனத்தின் பெயர், பொரித்த தேதி, போட்ட தடுப்பூசி மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். "நாட்டுக்கோழி" என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு அது அடை படுக்குமா படுக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் ஒரு நோட்டில் கோழிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தத் தேதி அடைக்கு வந்தது, எத்தனை முட்டை வைத்தீர்கள், யாருடைய முட்டை, ஏழாம் நாள் எத்தனை கழிந்தது, எத்தனை பொரிந்தது, ஒரு மாதத்தில் எத்தனை மிஞ்சியது என்று எழுதுங்கள். மூன்று சுற்றில் எது தாய், எது குழம்புக்கு என்று அந்தப் பக்கமே காட்டிவிடும். என் நோட்டில் அக்கா கொடுத்த சிறுவிடையின் பக்கம் மட்டும் மஞ்சள் கறை படிந்திருக்கிறது, ஒரு கூமுட்டையை எழுதும்போதே உடைத்தது. அதன் பெட்டைக்குஞ்சு ஒன்று இப்போது இரண்டு நாளாகக் கூட்டிலிருந்து இறங்கவில்லை. இன்று இரவு டார்ச்சோடு போய்க் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.